எட்டுப் பேருக்கு யார்க்ஷயர் புட்டிங்: பெரிய ட்ரேயா, குழி ட்ரேயா, கடைப் பாக்கெட்டா?

பிப்ரவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் யார்க்ஷயர் புட்டிங் நாள். இந்த வருடம் எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. என்னையும் சேர்த்து எட்டுப் பேர். மூன்று பேர் இங்கே, வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் இருக்கும் லீட்ஸ் நகரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அம்மா, பாட்டி கையால் சாப்பிட்ட புட்டிங்கின் ருசி இன்னும் நாக்கில் இருப்பவர்கள். இரண்டு பேர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள். ஒருவர் சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவார். அப்புறம் என் ஒன்பது வயதுப் பையன், நான். ஓவன் ஒன்றே ஒன்றுதான். ஆகவே எந்த ட்ரே, எந்தக் கொழுப்பு, வீட்டில் செய்வதா வாங்குவதா என்று மூன்று வாரமாக யோசித்து, ஜனவரி முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு விதமாகச் செய்து பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதே மாதிரி கூட்டத்துக்குச் சமைக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

புட்டிங் என்ற பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைக்க வேண்டாம். மைதா, முட்டை, பால், உப்பு, இவ்வளவுதான். அதை நீர்க்கக் கரைத்து, ஓவனில் காய்ந்து கொண்டிருக்கும் கொழுப்பில் ஊற்றி, கதவை மூடிவிட வேண்டும். ஈஸ்ட் கிடையாது, சோடா கிடையாது. நம் பூரி எதனால் உப்புகிறதோ அதனால்தான் இதுவும் உப்புகிறது. மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது, முட்டையும் மாவிலுள்ள பசைத்தன்மையும் அந்த ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, வெளிப்பக்கம் இறுகி மொறுமொறுப்பாகிறது, உள்ளே வெற்றிடம். ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி ரோஸ்ட், உருளைக்கிழங்கு, கிரேவி எல்லாவற்றோடும் தட்டில் இதற்கு ஓர் இடம் உண்டு. இறைச்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புட்டிங் இல்லாமல் எப்படி என்று கேட்கிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

முதலில் ட்ரே. மற்ற எல்லாம் இதைப் பொறுத்துத்தான் மாறும்.

கடையில் மூன்று வகை கிடைக்கும். கப் கேக் செய்கிற பன்னிரண்டு குழி மஃபின் ட்ரே ஒன்று. அகலமாகவும் ஆழம் குறைவாகவும் நான்கு குழி இருக்கிற ட்ரே இன்னொன்று, யார்க்ஷயர் புட்டிங் ட்ரே என்றே பெயர் போட்டு விற்பார்கள். மூன்றாவது, இறைச்சி ரோஸ்ட் செய்கிற சாதாரண செவ்வக ட்ரே. அதில் ஒரே புட்டிங்காகச் சுட்டு, கத்தியால் துண்டு போட்டுப் பரிமாறுவது.

மஃபின் ட்ரேயில் என்ன வசதி என்றால், 20 முதல் 25 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ என்று கணக்குப் போட்டுக் கொடுக்கலாம், குழி சின்னது என்பதால் மாவு போக்கிடம் இல்லாமல் மேல்நோக்கி ஏறி நல்ல உயரமாக நிற்கும். பார்க்க அழகு. நான் முதன்முதலில் செய்ததும் இதில்தான், நேராக எழுந்து நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. குறை என்னவென்றால், சுவர் மட்டுமே அதிகம், அடி குறைவு. கிரேவி ஊற்றினால் நடுக்குழியில் கொஞ்சம் தேங்கும், மீதி வழிந்து தட்டுக்குப் போய்விடும். மென்மையாக, பஞ்சு மாதிரி கிரேவி ஊறிய அந்த அடிப்பகுதிதான் எனக்கு யார்க்ஷயர் புட்டிங். அது இதில் ஒரு வாய் அளவுதான் தேறும்.

நான்கு குழி ட்ரே நடுவாந்தரம். ஓரம் உயரும், நடுவில் கிண்ணம் போலப் பள்ளம் விழும், அதில் கிரேவி நிற்கும். இரண்டு பேர், நான்கு பேர் என்றால் யோசிக்காமல் இதையே எடுப்பேன். ஆனால் எட்டுப் பேர் என்றால் இரண்டு ட்ரே வேண்டும், இரண்டையும் ஓவனில் அடுத்தடுத்த தட்டில் வைத்தால் கீழே இருப்பது மேலே இருப்பதைப் போல வராது. ஃபேன் ஓவன் என்றால் வித்தியாசம் குறையும், போகாது. மேல் தட்டு நான்கும் கீழ் தட்டு நான்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரிமாறும்போது, ஒருவர் தட்டில் எழுந்து நிற்பதும் இன்னொருவர் தட்டில் சப்பையாகக் கிடப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

பெரிய ட்ரே பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பழைய வழி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் இந்தப் பண்டம் பிறந்ததே இப்படித்தான். ஓவன் வீட்டுக்கு வீடு வராத காலத்தில் இறைச்சியைக் கம்பியில் குத்தி நெருப்புக்கு முன்னால் சுழற்றி வாட்டுவார்கள். சொட்டுகிற கொழுப்பு வீணாகக் கூடாது என்று கீழே ஒரு தட்டு வைப்பார்கள். அந்தத் தட்டில் மாவை ஊற்றி வைத்தால் மேலிருந்து சொட்டும் கொழுப்பிலேயே வெந்துவிடும். 1737-இல் வெளிவந்த ஒரு சமையல் நூலில் இதன் பெயர் 'ட்ரிப்பிங் புட்டிங்'. சொட்டும் கொழுப்புக்குத்தான் ட்ரிப்பிங் என்று பெயர். பத்து வருடம் கழித்து 1747-இல் ஹானா கிளாஸ் தன் சமையல் நூலில் இதையே 'யார்க்ஷயர் புட்டிங்' என்று எழுதினார், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவர் யார்க்ஷயர்காரர் இல்லை, அதற்கும் வடக்கே நார்தம்பர்லாந்தில் வளர்ந்தவர். நெருப்புக்கு முன்னால் தட்டில் வெந்த அந்தப் புட்டிங் இன்றைக்கு நாம் பார்க்கிற கோபுரம் மாதிரி இருந்திருக்காது. அகலமாக, தட்டையாக, கொழுப்பு ஊறியதாக இருந்திருக்கும். ஒன்றைச் சுட்டு வீடு முழுக்கப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

பங்கு போட்டதற்குக் காரணமும் இருந்தது. இறைச்சி விலை அதிகம், வயிறுகள் நிறைய. முதலில் ஒரு பெரிய துண்டு புட்டிங்கைக் கிரேவியோடு கொடுத்துவிடுவார்கள், அதற்கப்புறம்தான் இறைச்சி வரும். 'யார் அதிகம் புட்டிங் சாப்பிடுகிறார்களோ அவர்களுக்குத்தான் அதிகம் இறைச்சி' என்று பிள்ளைகளிடம் சொல்வது யார்க்ஷயரில் வழக்கம். பிள்ளை நம்பிச் சாப்பிடும், வயிறு நிறைந்துவிடும், பிறகு இறைச்சி கொஞ்சம் போதும். எங்கள் பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார், அவர் இன்றைக்கும் புட்டிங்கைத் தனியாகத்தான் சாப்பிடுவார், ரோஸ்ட்டோடு ஒரே தட்டில் வைத்தால் "அது ரெஸ்டாரண்ட் பழக்கம், லவ்" என்பார். இங்கே யாரைக் கூப்பிட்டாலும் லவ்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு இந்த ஊர் பிடிக்கும்.

பெரிய ட்ரேயில் ஓரங்கள் நன்றாக எழும்பி மொறுமொறுப்பாகும், நடுவில் அலை அலையாக மேடு பள்ளமாக, மென்மையாக இருக்கும். ஒரே பண்டத்தில் இரண்டு விதமும் கிடைக்கிறது. மூலைத் துண்டு வேண்டும் என்பவர்களுக்கு மூலை, நடுத்துண்டு வேண்டும் என்பவர்களுக்கு நடு. நேரம் 35 நிமிடம் வரை ஆகும், அது ஒன்றுதான் கஷ்டம். ட்ரே கனமான உலோகமாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒருமுறை செய்தேன், வெண்ணிறமாக, அடி வேகாமல், அடைபோல வந்தது. கண்ணாடி சூடு ஏறவே நேரம் எடுக்கும், மாவு விழுந்ததும் 'சுர்'ரென்று சத்தம் வர வேண்டும், வரவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். தோசைக்கல் காயாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உயரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2008-இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, அதாவது வேதியியலுக்கான பெரிய சங்கம், நான்கு அங்குலத்துக்குக் குறைவாக எழும்பினால் அது யார்க்ஷயர் புட்டிங்கே இல்லை என்று அறிவித்தது. பத்து சென்டிமீட்டர்! அதற்கு ஒரு செய்முறையும் கொடுத்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் எழுதின. வேதியியல் பக்கம் அவர்கள் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நெருப்புக்கு முன்னால் தட்டில் செய்த புட்டிங்கை இந்த அளவுகோலால் அளந்தால் முதல் 150 வருடத்துப் புட்டிங் பெரும்பாலும் தேறாது. உயரத்தைப் பார்த்து ட்ரே வாங்குவது, உப்புவதை மட்டும் பார்த்து பூரியைத் தேர்ந்தெடுப்பது மாதிரி. குழம்பைத் தொட்டுச் சாப்பிட எப்படி இருக்கிறது என்பதுதானே கேள்வி?

ஆகவே ட்ரே விஷயத்தில் என் முடிவு, எட்டுப் பேருக்குப் பெரிய ட்ரே ஒன்று. இதைச் சொன்னபோது பையனுக்கு ஏமாற்றம், அவனுக்கு மஃபின் ட்ரேயில் வருகிற கிண்ணம்தான் இஷ்டம். மூலைத் துண்டு உனக்குத்தான் என்று சொல்லிச் சமாதானம் செய்திருக்கிறேன்.

அடுத்தது கொழுப்பு. இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன்.

மரபு என்றால் மாட்டுக்கொழுப்புதான், அந்த ட்ரிப்பிங். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் வெண்ணெய்க் கட்டி மாதிரி பொட்டலமாகவே விற்கிறது. நன்றாகச் சூடு தாங்கும், மணம் தனி. பன்றிக் கொழுப்பிலும் செய்கிறார்கள், மொறுமொறுப்பு நன்றாக வரும், மணம் குறைவு. சூரியகாந்தி எண்ணெயும் ரேப்சீட் எண்ணெயும் சூடு தாங்கும், ஆனால் தனக்கென்று ருசி இல்லை. வெண்ணெய் கூடவே கூடாது, அதில் இருக்கும் பால் திடப்பொருள் அந்தச் சூட்டில் கருகிவிடும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம், மாவு ஊற்றுவதற்கு முன்பே அடுப்படி முழுக்கப் புகை.

எட்டுப் பேரில் மூன்று பேர் மாட்டுக்கொழுப்பைத் தொட மாட்டார்கள். அப்படியானால் இரண்டு ட்ரே வைப்பதா? ஒன்று ட்ரிப்பிங்கில், ஒன்று எண்ணெயில்? முதலில் அதைத்தான் நினைத்தேன், அதுதான் எல்லோருக்கும் மரியாதை என்றும் தோன்றியது. ஜனவரி இரண்டாம் ஞாயிறு அப்படியே செய்து பார்த்தேன். மேல் தட்டில் பெரிய ட்ரே, கீழ்த் தட்டில் மஃபின் ட்ரே. இரண்டும் வந்தன. ஆனால் மேசையில் வைத்துப் பார்த்தபோது மனதுக்கு ஒப்பவில்லை. நடுவில் பொன்னிறமாக ஒரு பெரிய புட்டிங், அதைச் சுற்றி ஐந்து பேர் துண்டு போட்டுக்கொள்கிறார்கள், மூன்று பேருக்கு ஓரமாகத் தனித் தட்டில் சின்னச் சின்னதாக. விருந்தாளிகள் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை என்றாலும், பங்கு போட்டுச் சாப்பிடவென்றே பிறந்த ஒரு பண்டத்தைக் கொண்டாடும் நாளில் மேசையை இரண்டாகப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம்தான் நெய் ஞாபகம் வந்தது. லீட்ஸில் ஹேர்ஹில்ஸ் பக்கம் போனால் எல்லா மளிகைக் கடையிலும் டப்பா டப்பாவாக இருக்கிறது. வெண்ணெயில் கருகுகிற பகுதியை எடுத்துவிட்டதுதானே நெய், சூடு நன்றாகத் தாங்கும். நெய் மட்டும் ஊற்றிச் செய்தபோது மணம் தூக்கலாக இருந்தது, எனக்குப் பிடித்தது, ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு துண்டு கொடுத்தபோது "நல்லா இருக்கு, ஆனா இது புட்டிங் மாதிரி மணக்கல" என்றார். அடுத்த முறை பாதி நெய், பாதி சூரியகாந்தி எண்ணெய். மணம் அடங்கியது, ஓரம் நல்ல செந்நிறம் பிடித்தது. இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கு மேல் எனக்கு ஒரு சான்று தேவைப்படவில்லை.

ட்ரிப்பிங்கை விட இது ருசியா என்று கேட்டால், இல்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. ட்ரிப்பிங்கில் செய்ததன் அடிப்பகுதியில் ஒரு ஆழமான இறைச்சி மணம் இருக்கிறது, அதற்கு ஈடு கிடையாது. ஆனால் மாட்டிறைச்சிச் சாறில் செய்த கிரேவியை மேலே ஊற்றியதும் வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்த மணம் வேண்டும் என்பவர்களுக்குக் கிரேவி வழியாகக் கொடுத்துவிடலாம், உருளைக்கிழங்கை அவர்களுக்கு மட்டும் ட்ரிப்பிங்கில் வறுக்கலாம். வீட்டில் எல்லோரும் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் என்றால் யோசனையே வேண்டாம், ட்ரிப்பிங்தான்.

முட்டையும் சாப்பிடாதவர்கள் இருந்தால்? முட்டை இல்லாமல் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரில் செய்கிறார்கள். நானும் முயன்றேன், சாப்பிடலாம், ஆனால் உப்பவில்லை, சுவரும் நிற்கவில்லை. அந்த நாளில் அவர்களுக்கு வேறு ஏதாவது நல்லதாகச் செய்து கொடுப்பதே மேல் என்பது என் கருத்து.

மாவுக் கலவை பற்றி ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சண்டை. எளிதான வழி சம அளவு முறை. முட்டைகளை ஒரு டம்ளரில் உடைத்து ஊற்றி, எந்த உயரம் வருகிறதோ அதே உயரத்துக்குப் பால், அதே உயரத்துக்கு மைதா. தராசு வேண்டாம், முட்டை சின்னதோ பெரியதோ கணக்கு தானாகச் சரியாகிவிடும். மஃபின் ட்ரேக்கு இது அருமையாக வரும். பெரிய ட்ரேக்கு இதையே பயன்படுத்தினால் முட்டை அதிகமாகி ஆம்லெட் வாசம் வந்தது, அதனால் மாவையும் பாலையும் கூட்டினேன். இப்போது என் அளவு 200 கிராம் மைதா, 4 பெரிய முட்டை, 250 மில்லி பால், 75 மில்லி தண்ணீர், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு. சுமார் 30-க்கு 23 சென்டிமீட்டர் ட்ரேக்கு இது சரியாக இருக்கும். முழுக்கப் பால் ஊற்றினால் மிருதுவாக, சீக்கிரம் நிறம் பிடித்து வரும். தண்ணீர் சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும். பதம் நீர் தோசைக்கும் அப்பத்துக்கும் நடுவில், கரண்டியில் இருந்து பால் க்ரீம் மாதிரி வழிய வேண்டும்.

செல்ஃப் ரெய்சிங் மாவு வாங்கி வைத்திருந்தால் அதைத் தொட வேண்டாம். உப்ப வைக்கிற மாவுதானே, இன்னும் நன்றாக உப்பும் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. நடப்பது நேர்மாறு. சின்னச் சின்னக் குமிழ்களாகக் கிளம்பி கேக் மாதிரி ஆகிறது, பெரிய வெற்றிடம் வருவதில்லை. பிரட் செய்கிற மாவில் பசைத்தன்மை அதிகம், உயரம் வரும், ஆனால் ஆறினால் இழுவையாகிவிடும். சாதாரண மைதா போதும்.

மாவை ஊற வைப்பதா, உடனே ஊற்றுவதா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. முந்தின இரவே கரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாவு தண்ணீரை நன்றாகக் குடித்து, பசைத்தன்மை தளர்ந்து, மறுநாள் நிறமும் ருசியும் கூடி வருகிறது. நேரம் இல்லை என்றால் அரை மணி நேரமாவது. ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்து, ஒரு கலக்கு கலக்கி, மூக்குள்ள ஜக்கில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, கடையில் வாங்குவது. இதைப் பற்றி யாரும் கேவலமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஃப்ரீசர் பெட்டியில் வெந்த புட்டிங்காகவே கிடைக்கிறது, சூடான ஓவனில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் போதும். இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயரான ஆன்ட் பெஸ்ஸிஸ் 1995-இல் யார்க்ஷயரின் ஹல் நகரில் இருந்து வந்ததுதான். குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போய்விட்டு ஞாயிறு சமைக்கிற ஒருவருக்கு அது பெரிய உதவி. நானும் எத்தனையோ ஞாயிறு அதைத்தான் வைத்திருக்கிறேன். பாக்கெட்டின் பின்னால் பார்த்தால் பெரும்பாலும் தாவர எண்ணெய்தான், அதனால் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் பிரச்சினை இல்லை, ஆனாலும் வாங்கும்போது ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. ஓவனில் இடமும் நேரமும் இல்லாத கிறிஸ்துமஸ் அன்று இதுதான் என் தேர்வு. ஆனால் புட்டிங்கைக் கொண்டாடுகிற நாளிலேயே பாக்கெட்டைப் பிரிப்பது, பொங்கல் அன்று கடையில் பொங்கல் வாங்குவது மாதிரி இருக்கும். முட்டை மட்டும் சேர்த்துக் கலக்குகிற மாவுப் பாக்கெட்டும் உண்டு. மைதாவும் உப்பும் வீட்டில் இருக்கும்போது அதற்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் கொண்டாடுவது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 1 யார்க்ஷயர் தினம். 1974-இல் அரசாங்கம் உள்ளாட்சி எல்லைகளை மாற்றி யார்க்ஷயரின் பழைய மூன்று பிரிவுகளையும் கலைத்துவிட்டது, அதை எதிர்த்து 1975-இல் பெவர்லி என்ற ஊரில் தொடங்கியது அந்த நாள். வெள்ளை ரோஜாக் கொடி ஏற்றுவார்கள், அன்றைக்கும் புட்டிங் உண்டு. ஆனால் அது கோடை, 220 டிகிரி ஓவனைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்க முடியாது, பல வருடம் அது வேலை நாளாகவும் வரும். பிப்ரவரி ஞாயிறு என்றால் வெளியே குளிர், உள்ளே ஓவன் சூடு, எல்லோருக்கும் விடுமுறை. எனக்கு அதுதான் வசதி. ப்ராபி என்ற கிராமத்தில் 1999-இல் யார்க்ஷயர் புட்டிங்கையே படகு அளவுக்குச் சுட்டு, தண்ணீர் புகாமல் வார்னிஷ் பூசி, அதில் பிள்ளைகளை உட்கார வைத்துத் துடுப்புப் போட வைத்தார்கள். அதைச் சொன்னதில் இருந்து என் பையன் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் என்ன மிதக்கும் என்று பார்க்கிறான்.

இனி அன்றைய வேலை வரிசை. ஒரே ஓவனில் இது எப்படி முடியும் என்பதற்கான விடை, இறைச்சியை ஆற வைக்கும் நேரத்தில் இருக்கிறது. ரோஸ்ட்டை வெளியே எடுத்து ஃபாயில் மூடி 40 நிமிடம் வைத்தால்தான் சாறு உள்ளே தங்கி, வெட்ட நன்றாக வரும். அந்த 40 நிமிடம் ஓவன் புட்டிங்குக்கு. இறைச்சி வெளியே வந்ததும் ஃபேன் ஓவனை 220 டிகிரிக்கு ஏற்றி, நான்கு மேசைக்கரண்டி நெய்யும் எண்ணெயும் கலந்து ஊற்றிய ட்ரேயைப் பத்து நிமிடம் உள்ளே வைக்க வேண்டும், லேசாகப் புகை கிளம்பும் வரை. ஏற்கெனவே வறுபட்டுக்கொண்டிருக்கும் உருளைக்கிழங்கு கீழ்த் தட்டுக்குப் போகும், கடைசி நேரச் சூடு அதற்கும் நல்லதுதான். பிறகு ட்ரேயை வெளியே எடுக்காமல், தட்டைப் பாதி இழுத்து, ஒரே மூச்சில் மாவை ஊற்றி, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். பிள்ளைகளை அந்த நேரம் அடுப்படியில் விடாதீர்கள். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. சுவர் இறுகுவதற்கு முன் சூடு குறைந்தால் அமுங்கிவிடும், அமுங்கினது மறுபடி எழாது. கண்ணாடி வழியாகப் பாருங்கள். மேலே பொன்னிறம் வந்தவுடன் எடுத்துவிடத் தோன்றும், இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள், வெளிறியதை எடுத்தால் மேசைக்குப் போவதற்குள் தொய்ந்துவிடும்.

முதல் சுற்றில் புட்டிங் மட்டும்தான். நான்கு வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, குறைந்த தீயில் முக்கால் மணி நேரம் நெய்யில் வதக்கி, ஒரு கரண்டி மாவு தூவி, காய்கறி ஸ்டாக் ஊற்றிக் கொதிக்க வைத்த வெங்காயக் கிரேவி. எட்டுப் பேருக்கும் ஒரே ட்ரேயில் இருந்து, ஒரே கிரேவி. இரண்டாவது சுற்றில் அவரவர் வழி. ரோஸ்ட் சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சி, அதன் சாறில் செய்த கிரேவி, தொட்டுக்கொள்ள ஹார்ஸ்ரேடிஷ் என்கிற காரமான வேரில் செய்த சாஸ். மற்றவர்களுக்குக் காலிஃபிளவர் சீஸ், வறுத்த கேரட், உருளைக்கிழங்கு. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னபோது அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தானே என்றார்.

மிஞ்சினால், மாலையில் ஓவனில் ஐந்து நிமிடம் சூடு காட்டி, கோல்டன் சிரப்போ ஜாமோ ஊற்றிக்கொள்ளலாம். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஆனால் மிஞ்சும் என்று தோன்றவில்லை. செவ்வக ட்ரேயில் மூலைகள் நான்குதான். ஒன்று பையனுக்கு என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது, ஒன்று பாட்டிக்கு எடுத்து மூடி வைத்து, ஆறுவதற்குள் அவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மற்ற இரண்டும் யாருக்கு என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.